ஞாயிற்றுக்கிழமை வந்த படம்

மேடம் மான்சா ஒச்செரேயின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக முதலில் அழுவார்கள், அப்புறம் உட்காருவார்கள். போக்குவா இரண்டையும் செய்யவில்லை. கைப்பையைத் திறந்து நீல நிற இன்ஹேலர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என்கிட்ட இருக்கு. என் பொண்ணு என்கிட்ட இல்ல," என்றாள்.

மூலையில் உட்கார்ந்து வாச்சே சோறு தின்றுகொண்டிருந்த டெட்டே கரண்டியைக் கீழே வைத்தான். டெட்டேதான் மேடத்தின் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம். கனேஷி மார்க்கெட்டே தன் வாய்க்குப் பயந்து கிடக்கிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த வாயை இப்போது துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"உட்காரும்மா," என்றாள் மான்சா. "வயசு என்ன?"

"ஆறு. பேரு அசேடா. மதியம் ஸ்கூலுக்குக் கூப்பிடப் போனா, 'உங்க தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே'ங்கறாங்க. எனக்குத் தங்கச்சியே கிடையாதுக்கா."

"போலீஸ்?"

"சொல்லியாச்சு. பஸ் ஸ்டாண்டெல்லாம் தேடறாங்க. யாரைத் தேடறோம்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல." அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே ஹர்மட்டான் காற்று அக்ரா முழுக்கப் புழுதியைப் பூசிக்கொண்டிருந்தது. எதிர்க்கடைப் பலகைகூட மங்கலாகத்தான் தெரிந்தது. "இந்தத் தூசி அவளுக்கு ஆகாது. வீசிங். பொழுது சாஞ்சா இழுக்க ஆரம்பிச்சுடும். இந்த மருந்து உள்ள போகலேன்னா..."

நீட்டிய கையின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருப்பதை டெட்டே பார்த்தான். எப்போதோ உடைந்து, சரியாகச் சேராத எலும்பு.

"பணம் கேட்டு யாராவது ஃபோன் பண்ணாங்களா?"

"இல்ல. கேட்டா வீட்டை வித்தாவது குடுத்துடுவேன். யாருமே எதுவுமே கேக்கல. அதான் உயிர் போகுது."

மான்சா செருப்பை மாட்டிக்கொண்டாள். "டெட்டே, வண்டிய எடு."

"மேடம், வண்டி வரும். பிரேக் மட்டும் அதுக்கா மனசு வந்தாதான் பிடிக்கும்."

"இன்னிக்குப் பிரேக்குக்கு வேலை இல்ல. எடுறா."

பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியை மிஸ் லாம்ப்டே அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். போக்குவாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து காலைப் பிடிக்கப் போனாள். மான்சா அவள் தோளைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள்.

"அழறதுக்கு அப்புறம் நேரம் தரேன். இப்போ சொல்லு. முன்னப் பின்ன தெரியாதவளோட பிள்ளைய எப்படி அனுப்பினே?"

"சும்மா அனுப்பல மேடம், சத்தியமா. காலைல இவங்க படம் போட்ட புது நம்பர்லேருந்து மெசேஜ் வந்துது. 'ஃபோன் தொலைஞ்சுபோச்சு, இது புது நம்பர், மதியம் என் தங்கச்சி வருவா'ன்னு. அப்புறம் அந்தம்மா வந்தாங்க. இவங்க அண்ணன் கல்யாணத்துக்குக் குடும்பமே ஒரே துணில தைச்சுப் போட்டிருந்தாங்களே, நீலத்துல குருவி போட்டது? அந்தத் துணிலதான் தைச்சுப் போட்டிருந்தாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"படம் பார்த்திருக்கேனே. இவங்க இன்டர்நெட் பக்கத்துல இருக்கே."

போக்குவா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் கேள்வியும் கேட்டேன்," என்று மிஸ் லாம்ப்டே மூக்கை உறிஞ்சினாள். "அசேடாவோட பொம்மை ஆட்டுக்குப் பேரு என்னன்னேன். 'கெலவெலே'ன்னாங்க. வாழைப்பழ வறுவல் பேரை ஆட்டுக்கு வெச்சது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, கெலவெலேக்குத் தம்பின்னு ஒரு புது ஆட்டுக்குட்டி பொம்மை வேற கொண்டு வந்தாங்க. பிள்ளை சிரிச்சுக்கிட்டே போனா மேடம். திரும்பிக்கூடப் பார்க்கல."

"பிள்ளைய எப்படிக் கூப்பிட்டா? ஒரு வார்த்தை மாறாம சொல்லு."

"'அகோசுவா, வாடி என் தங்கமே, அம்மா காத்துக்கிட்டிருக்கா'ன்னாங்க."

மான்சாவின் தலை மெல்லத் திரும்பியது. "போக்குவா. உன் பொண்ணு எந்தக் கிழமை பிறந்தா?"

"செவ்வாய்."

"வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அபெனான்னு. செவ்வாய்க்கிழமைப் பொண்ணை வேற எப்படிக் கூப்பிடுவாங்க?" சொல்லிவிட்டுத்தான் போக்குவாவுக்கே உறைத்தது. வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கொஞ்சம் விளக்குங்க," என்றான் டெட்டே. "நாங்க 'கா' இனத்து ஆளுங்க. எங்க வீட்டுல வரிசைப்படிதான் பேரு. மூத்தவன்னா டெட்டே, அடுத்தவனுக்கு அடுத்த பேரு. மூணாவதுலேருந்து அப்பனுக்கு ஞாபகம் இருந்தாதான்."

"அகோசுவான்னா ஞாயித்துக்கிழமை பிறந்தவடா. எங்க ஆளுங்க சொந்தத் தம்பியோட வயசை மறந்தாலும் மறப்போம், கிழமைய மறக்க மாட்டோம். பிள்ளைய எடுத்துட்டுப் போனவளுக்கு ஆட்டுக்குட்டி பேரு தெரியுது, அண்ணன் கல்யாணத் துணி தெரியுது. கிழமை மட்டும் தப்பு. இவ உறவு இல்ல. எங்கயோ பார்த்துப் படிச்சவ." மான்சா கையை நீட்டினாள். "ஃபோனைக் குடு போக்குவா."

மூவரும் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மான்சா முன்சீட்டில் அமர்ந்து போக்குவாவின் பக்கத்தைத் திறந்து கட்டைவிரலால் தள்ள ஆரம்பித்தாள். டெட்டே எட்டிப் பார்த்தான். ஸ்கூல் சீருடையில் அசேடா, சட்டையில் பள்ளியின் பேர் பளிச்சென்று. மிஸ் லாம்ப்டேயோடு அசேடா. கெலவெலேக்குப் பிறந்த நாள். வீட்டு வாசலில் அசேடா, பின்னால் கதவு எண். ஐயோ என்றிருந்தது அவனுக்கு.

"அக்கா, இதுக்கு நீங்க ஒரு வரைபடமும் சேர்த்துப் போட்டிருக்கலாம்," என்று வாய் தவறி வந்துவிட்டது.

போக்குவா கோபப்படவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "தனியா வளர்க்கறேன்ப்பா. அவ ஒரு பாட்டுப் பாடினா யார்கிட்ட காட்டுவேன்? அதான் இதுல காட்டினேன். நாலு பேர் நல்லா இருக்குன்னா மனசு நிறைஞ்சு தூங்கப் போவேன்."

"வீசிங் பத்தி எங்கயாவது போட்டிருக்கியா?" என்றாள் மான்சா, தலை நிமிராமல்.

"அதைப் போய் யாராவது போடுவாங்களாக்கா? சர்ச்சுல ஆளுக்கொரு கஷாயம் சொல்வாங்க. பாவமா பார்ப்பாங்க. சிரிக்கிற படம் மட்டும்தான் போடுவேன்."

"அப்போ பிள்ளைய வெச்சிருக்கறவளுக்கும் அது தெரியாது."

மான்சாவின் கட்டைவிரல் வருஷங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. அசேடாவுக்குப் பல் முளைப்பது மறைந்தது, தவழ்வது மறைந்தது. கடைசியாக மான்சா ஒரு படத்தில் வந்து நின்றாள். வெள்ளைத் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. கீழே, அசேடா என்ற பேரின் அர்த்தத்தையே வைத்து ஒரு வரி: 'இன்று எங்கள் வீட்டுக்கு வந்தாள் எங்கள் நன்றி.'

"இது எந்தக் கிழமை போட்டது?"

"ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத்தான் பேர் வெச்சோம். எட்டு நாள் ஆகறதுக்கு முன்னாடி பிள்ளைய வெளிய காட்டக் கூடாதில்ல? செவ்வாய்க்கிழமையே வெச்சிருக்கணும். ஊர்லேருந்து மாமா ஞாயித்துக்கிழமைதான் வர முடிஞ்சுது, அதனால..." போக்குவா நிறுத்தினாள்.

"அதனால படம் ஞாயித்துக்கிழமை வந்துது. 'இன்று வந்தாள்'னு எழுதிட்டே. படிச்சவங்க அன்னிக்குத்தான் பிறந்தான்னு எடுத்துக்கிட்டாங்க." மான்சா படத்துக்குக் கீழே விரலை வைத்தாள். "யாரோ இல்ல. இதோ, பேர் போட்டே இருக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்பு, அதே ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வாழ்த்து இருந்தது. 'வா, என் குட்டி அகோசுவா. நீ நூறு வருஷம் இருக்கணும்.' எழுதியது 'அட்வோவா ஆன்ட்டி குழந்தை உடைகள், கனேஷி மார்க்கெட்'.

"சே, அது துணிக்கடைக்காரம்மா," என்றாள் போக்குவா. "தங்கமான மனுஷி. அசேடாவோட ஒரு படம் விடாம ஹார்ட் போடுவாங்க. பிறந்த நாளைக்கு ஒரு கவுன் அனுப்புவாங்க, காசே வாங்க மாட்டாங்க. அளவு கேட்டாங்க, வீட்டு விலாசம் கேட்டாங்க, குடுத்தேன். ராத்திரில மனசு சரியில்லேன்னா அவங்ககிட்டதான் பேசுவேன்."

"நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல. எப்பவும் எழுதறதுதான். குரல்கூடக் கேட்டதில்ல."

"கனேஷி மார்க்கெட்ல அப்படி ஒரு கடையே கிடையாது மேடம்," என்றான் டெட்டே. "அங்க நான் கடன் சொல்லாத கடை இல்ல." அவன் அந்தக் கடையின் படங்களைப் புரட்டினான். கவுன், கவுன், இன்னொரு கவுன். "அதுவும் ஆறு வருஷமா கடை நடத்தி, ஒரு உடுப்புல கூடத் தூசி இல்லயே! இந்த ஹர்மட்டான்ல என் பல்லுலயே தூசி இருக்கு."

"டேய், நீ விளையாட்டுக்குச் சொன்னாலும் சரியாத்தான் சொல்றே. அந்த மஞ்சக் கவுன் படத்தைப் பெருசு பண்ணு. சுவத்துல என்ன இருக்கு?"

"பிளக் பாயின்ட்."

"எத்தனை ஓட்டை?"

டெட்டே உற்றுப் பார்த்தான். "ரெண்டு. உருண்டையா." உடனே தன் வண்டி நின்ற இடத்துக்கு எதிரே, பள்ளிக் காவலாளி ஃபோனைச் செருகி வைத்திருந்த பிளக்கைப் பார்த்தான். மூன்று ஓட்டை, பட்டையாக. அக்ராவில் எந்த வீட்டுச் சுவரும் அப்படித்தான். "மேடம், இந்தக் கடை இங்க இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கு."

"உனக்கு வெளிநாட்டுல யாரும்மா இருக்கா?" என்று மான்சா கேட்டாள்.

போக்குவாவின் முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "ஹாம்பர்க்ல," என்றாள். "அவ அப்பன். ஃப்ரிம்பாங். இந்தக் கைய உடைச்சவன். நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்ச மாசமே ஓடி வந்துட்டேன். அவனை, அவன் ஆளுங்களை, அத்தனை பேரையும் ஃபோன்ல பிளாக் பண்ணி வெச்சேன். பிள்ளை பிறந்ததுகூட அவனுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேனே!" அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஆறு வருஷமா அவன்கிட்டயே போய் அழுதிருக்கேனே அக்கா! அவன்கிட்டயே விலாசம் குடுத்திருக்கேனே!"

டெட்டேக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் ஸ்டீயரிங்தான் இருந்தது. அதை அடித்தான். ஹாரன் அலறியது.

"அழாதே. அவன் உன் படத்தைப் பார்த்து வந்தான். இப்போ அவன் வாயாலயே நம்மகிட்ட வருவான்," என்றாள் மான்சா. "உனக்கு எதுவும் தெரியாத மாதிரி துணிக்கடைக்காரம்மாவுக்கு எழுது. 'பிள்ளையைக் காணோம். அவளுக்கு வீசிங் இருக்கு, இன்ஹேலர் என்கிட்ட மாட்டிக்கிச்சு. எனக்காக ஜெபம் பண்ணுங்க.' அவ்வளவுதான்."

போக்குவா எழுதினாள். இரண்டு தடவை அழித்து எழுத வேண்டியிருந்தது. அனுப்பியதும் மறுமுனை பார்த்துவிட்டதாகக் காட்டியது. வெளியே வெயில் மஞ்சளாகி, புழுதிக்குள் சூரியன் சோளத் தோசை மாதிரி தொங்கியது. பதில் இல்லை. மிஸ் லாம்ப்டே வாசலில் நின்று வாய்க்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் அதிர்ந்தது. 'விடாம இருமினா என்ன பண்ணணும்?'

அடுத்து இன்னொன்று. 'விலா எலும்பு உள்ள இழுக்குது. உதடு ஒரு மாதிரி நீலமா இருந்தா என்ன அர்த்தம்?'

"கடவுளே," என்றான் டெட்டே. எந்தத் துணிக்கடைக்காரியும் உதட்டு நிறத்தைக் கேட்கமாட்டாள். பிள்ளை அவன் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது.

மான்சா ஃபோனுக்குக் கை நீட்டினாள். "இப்போதான் நம்ம கை ஓங்கியிருக்கு. குடு. இடத்தைச் சொல்லு, மருந்தைச் சொல்றேன்னு எழுதறேன். சொல்லித்தான் ஆகணும் அவன்."

"மாட்டேன்." போக்குவா ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போக்குவா, விட்டா பிள்ளையோட பிளேன் ஏறிடுவான். அப்புறம் ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது."

"ஏறட்டும்! மூச்சோட ஏறட்டும்! நீங்க பேரம் பேசி முடிக்கறதுக்குள்ள என் பொண்ணு செத்துப்போயிடுவா." அவள் குரலைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினாள். எழுத்தில் இருந்த தடுமாற்றம் குரலில் இல்லை. "ஃப்ரிம்பாங். நீதான்னு தெரியும். இப்போ அது முக்கியமில்ல. அவளைப் படுக்க வைக்காதே, உட்கார வை. பக்கத்துல இருக்கற மருந்துக்கடைக்குத் தூக்கிட்டு ஓடு. இன்ஹேலர் கேளு. நீலக் கலர். பழுப்புக் கலர் குடுத்தா வாங்காதே, அது இதுக்கு உதவாது. வாங்கினதும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சரியான மருந்தான்னு பார்த்துடறேன். நல்லாக் குலுக்கி, வாயில வெச்சு, அவ மூச்சை இழுக்கறப்போ அழுத்து. 'பூ மோந்து பாரு'ன்னு சொல்லு, இழுப்பா. ஓடு. ஃபோனைப் பார்த்துக்கிட்டு நிக்காதே, ஓடு!"

அனுப்பிவிட்டாள். மான்சா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் மேடம் ஒரு பேரத்தை விட்டுக்கொடுத்து டெட்டே பார்த்தது இதுதான் முதல் தடவை.

காத்திருந்த நேரம் எவ்வளவு என்று அவனால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. தெருவில் ட்ரோட்ரோ வேன்கள் ஆள் ஏற்றிப் போயின. ஐஸ் வாட்டர் விற்கும் பெண் ஒருத்தி கண்ணாடியைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துத் தானாகவே விலகிப் போனாள்.

ஃபோன் அதிர்ந்தது. படம்.

பெரிய ஆம்பிளைக் கை. அதில் நீல இன்ஹேலர்.

"சரிதான். இதேதான்," என்று போக்குவா கத்தினாள். 'குடு, குடு, குடு' என்று எழுதி அனுப்பினாள். அப்புறம்தான் உடைந்து போய் முன்சீட்டின் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

டெட்டே அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான். கை, இன்ஹேலர். கைக்குப் பின்னால் கடைக்காரர் போட்டுக் கொடுத்த காகிதப் பை. அவன் பையைப் பெரிதாக்கினான்.

"மேடம்! 'அவர் கிருபையால்' மருந்துக்கடை. டான்சோமன், கடைசி ஸ்டாப்!"

"போடா!" என்றாள் மான்சா.

அவன் போனான். சிக்னலைக் கேட்கவில்லை, வேகத்தடையைக் கேட்கவில்லை, மார்க்கெட் ரோட்டில் கென்கே மாவுருண்டைக் கூடைகளுக்கு நடுவே புகுந்து வந்தான். "உங்கப்பன் வீட்டு ரோடாடா?" என்று ஒரு கிழவர் கத்தினார். "ஆமா பெரியப்பா, சொத்து பிரிக்கல!" என்று திருப்பிக் கத்தினான். மான்சா போலீஸுக்கு ஃபோனில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் போக்குவா இன்ஹேலரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கிடைத்துவிட்டது என்று தெரிந்தும் அவள் அதை விடவில்லை.

மருந்துக்கடை வாசலில் ஒரு மரப் பெஞ்சு. நீலத்தில் குருவி போட்ட துணியில் ஒரு பெண் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஃப்ரிம்பாங்கின் தங்கை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பெஞ்சில் ஃப்ரிம்பாங் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அசேடா, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் ஒரு விசில். ஆனால் மூச்சு இருந்தது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

வண்டி நிற்பதற்குள் போக்குவா குதித்துவிட்டாள். பிள்ளையை அவன் மடியிலிருந்து வாரி எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை.

"ஒண்ணுமே தெரியாது எனக்கு," என்றான், தரையைப் பார்த்து. "எல்லாம் தெரியும்னு நினைச்சேன். அவளுக்குப் பிடிச்ச கலர் தெரியும். பாடற பாட்டு தெரியும். எந்தப் பல்லு எப்போ விழுந்துதுன்னு தெரியும். இது நீ போடவே இல்லையே போக்குவா. ஒரு தடவைகூடப் போடலையே."

போக்குவா அவன் பக்கம் திரும்பவில்லை.

"அவ கைய உடைச்சதையும் அவ போடல," என்றாள் மான்சா. "அதைப் போட்டிருந்தா நாங்க உன்னை இன்னும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருப்போம். உட்காரு. போலீஸ் வண்டி வருது."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. காணாமல் போன பிள்ளை, கட்டி அழும் தாய். யாரோ "தேங்க் யூ ஜீசஸ்!" என்றார்கள். ஒரு ஃபோன் உயர்ந்தது. அடுத்து நான்கு. டெட்டே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். "வேணாம் அண்ணே, வேணாம்மா, கீழ இறக்குங்க, கெஞ்சிக் கேக்கறேன்," என்றான். இந்த ஊரில் எவனிடமும் கெஞ்சியதே இல்லை அவன். முன்னால் இருந்தவர்கள் இறக்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பிடித்தார்கள்.

போக்குவா தலையில் கட்டியிருந்த துணியை ஒரே இழுப்பில் அவிழ்த்து அசேடாவின் முகத்தை முழுக்க மூடினாள். மூடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

துணிக்குள்ளிருந்து, விசிலும் மூச்சுமாக, ஒரு சின்னக் குரல் வந்தது.

"அம்மா... அந்த மாமா அழுதுக்கிட்டே... அகோசுவா, அகோசுவான்னே கூப்பிட்டாரு. அகோசுவா யாரும்மா?"